முகத்துக்கு எல்.ஈ.டி. வெளிச்சம்: எங்கள் தோலுக்கு எந்த நிறம்?

முகத்தில் மாட்டி வெளிச்சம் படவைக்கும் எல்.ஈ.டி. மாஸ்க் வாங்கப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது ‘7 கலர்’ என்ற எழுத்து. அதை விட்டுவிட்டுப் பெட்டியைத் திருப்பி, நனோமீற்றர் என்று ஏதாவது எண் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்க வேண்டாம். அந்த எண்தான் ஒளியின் அலைநீளம்; தோல் கண்டுகொள்வது அதைத்தான். ‘நீலம்’ என்று விற்கிற 415 நனோமீற்றரும் 465 நனோமீற்றரும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் பருவில் ஒரே வேலையைச் செய்யாது.

நீலம் வேலை செய்யும் விதம் இது. பருவில் பெருகும் பக்டீரியா போர்பைரின் என்ற பொருளைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. 415க்குக் கிட்ட உள்ள ஊதா கலந்த நீலத்தைப் போர்பைரின் நன்றாக உறிஞ்சும். உறிஞ்சியதும் அங்கே வீரியம் கூடிய ஒட்சிசன் உண்டாகி, அந்தப் பக்டீரியாவையே கொல்லும். ஆகவே சிவந்து வீங்கிய பருவுக்கும் சீழ் வைத்த பருவுக்கும் பலன் உண்டு. மூக்கு நுனியில் அடைத்து நிற்கும் கரும்புள்ளிக்கும், தோலுக்கடியில் கட்டியாக வலிக்கும் பெரிய பருவுக்கும் இல்லை. அந்தக் கட்டி இருக்கும் ஆழத்துக்கு நீல ஒளி இறங்காது.

இனி எங்கள் தோலின் கதை. மாநிறத்திலும் கறுப்பிலும் இதே ஊதா நீலம் நிறமிச் செல்களைத் தட்டி எழுப்பிவிடும். பரு அடங்கிய இடத்தில் அதைவிடக் கறுத்த தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். கன்னத்தில் மங்கு இருப்பவர்களும், ஒவ்வொரு பருவும் கறுப்பு அடையாளம் விட்டுப் போகிறவர்களும் நீலத்தைத் தொடவே வேண்டாம். விளம்பரப் படங்களில் பெரும்பாலும் வருவது வெள்ளைத் தோல். அந்த முகத்துக்குப் போட்ட கணக்கு தேயிலைக் கொழுந்து மலையில் வெயில் குடித்த முகத்துக்குச் சரிவராது.

எனவே இலங்கை மலையகத்தில் யார் கேட்டாலும் எங்கள் முதல் பதில் சிவப்பு, 630 முதல் 660 நனோமீற்றர் வரை. செல்லுக்குள் சக்தி உண்டாக்கும் பகுதி இந்த ஒளியை எடுத்துக்கொள்கிறது. வீக்கமும் சிவப்பும் தணியும், தோலை இறுக்கமாக வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் உண்டாவது மெல்லக் கூடும். பரு, பருவுக்குப் பிந்திய சிவப்பு, கண்ணோரத்து மெல்லிய சுருக்கம் மூன்றுக்கும் இதையே பாவிக்கலாம். 830 நனோமீற்றர் அகச்சிவப்பும் சேர்ந்திருந்தால் நல்லது. அது இன்னும் ஆழம் போகும், கண்ணுக்குத் தெரியாது. மாஸ்க்கில் அது உண்மையிலேயே எரிகிறதா என்று பார்க்க, இருட்டில் போனின் முன் கெமராவைப் பிடியுங்கள். வெறும் கண்ணுக்கு அணைந்தது போல இருக்கும் புள்ளிகள் திரையில் மங்கிய ஊதாவாகத் தெரிய வேண்டும். சில போன்களின் பின் கெமரா அகச்சிவப்பை வடிகட்டிவிடும், அதனால்தான் முன் கெமரா.

2000ஆம் ஆண்டு வெளிவந்த பிரித்தானிய ஆய்வொன்றில் 415 நீலத்தையும் 660 சிவப்பையும் சேர்த்துக் கொடுத்தபோது, 12 வாரத்தில் வீங்கிய பருக்கள் சராசரியாக 76 சதவீதம் குறைந்தன. நீலம் மட்டும் கொடுத்ததைவிட இது மேல். பரு நிறைய இருந்து, தழும்பு விடாத தோலாகவும் இருந்தால் இந்தச் சேர்க்கையை யோசிக்கலாம். அப்போதும் தாடைக்குக் கீழே ஒரு சிறு இடத்தில் இரண்டு வாரம் பிடித்துப் பார்த்து, கறுக்கவில்லை என்றால் மட்டும் முகத்துக்கு.

மஞ்சள், பச்சை, ஊதா, இளநீலம் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 590 மஞ்சளைச் சிவந்த தோலுக்குப் பாவிக்கிறார்கள், ஆதாரம் கொஞ்சம்தான். மலிவு மாஸ்க்கில் அந்த மஞ்சள்கூட மஞ்சளாக இருக்காது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே பல்பில் இருக்கும். அவற்றைக் கலந்து கண்ணை ஏமாற்றித்தான் ஏழு நிறம் காட்டுகிறார்கள். வீட்டில் பழைய சீடி ஒன்று கிடந்தால் பிடிபட்டுவிடும். அறையை இருட்டாக்கி, மாஸ்க்கை மஞ்சளில் போட்டு, சீடியின் பளபளப்பான பக்கத்தில் அந்த வெளிச்சம் விழும்படி சாய்த்துப் பிடியுங்கள். உண்மையான மஞ்சள் மஞ்சள் பட்டையாகவே விரியும். கலப்பு என்றால் சிவப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். அப்படிப்பட்ட மாஸ்க்கில் நீலமும் பெரும்பாலும் 460க்கு மேல்தான், அதாவது போர்பைரினின் உச்சத்தைத் தவறவிட்டது.

எவ்வளவு நேரம் என்பது கணக்கு. ஒரு சதுர சென்ரிமீற்றரில் விழும் மில்லிவாற்றைச் செக்கனால் பெருக்கி 1,000ஆல் வகுத்தால், அந்த ஒரு சதுர சென்ரிமீற்றர் தோலுக்குக் கிடைக்கும் ஒளிச் சக்தி யூல் கணக்கில் வரும். 30 மில்லிவாற்று மாஸ்க்கை 10 நிமிடம், அதாவது 600 செக்கன் வைத்தால் 18 யூல். சிவப்புக்கு ஒரு தடவை 5 முதல் 20 யூல் வரை வீட்டுக்குத் தாராளம். கூட்டினால் கூடப் பலன் வரும் என்று அரை மணி நேரம் மாட்டுவதுதான் நாங்கள் அதிகம் காணும் தவறு. அளவுக்கு மிஞ்சினால் செல் அந்த ஒளிக்குப் பதில் சொல்வதையே குறைத்துக்கொள்ளும், சூடும் ஏறும். சூடு மங்குக்கு ஆகாது. வாரம் 3 முதல் 5 நாள், 8 முதல் 12 வாரம்.

மாட்டுவதற்கு முன் முகத்தைக் கழுவுங்கள். விறகடுப்புப் புகையும் பவுடரும் படிந்த தோலில் வெளிச்சத்தில் ஒரு பங்கு மேலேயே நின்றுவிடும். நன்றாகத் துடைத்து உலரவிடுங்கள். கிரீம், எண்ணெய், எலுமிச்சைச் சாறு எதுவும் வேண்டாம். எலுமிச்சை பூசிய முகத்தோடு மறுநாள் வெயிலில் நின்றால் தோல் வெந்து கறுத்துவிடும், லைட் போட்டாலும் போடாவிட்டாலும். கண்ணுக்கு மாஸ்க்கோடு வரும் கவசத்தைப் போடுங்கள். நீலம் என்றால் கண்ணை மூடியிருப்பது மட்டும் போதாது. முடிந்ததும் வாசனையில்லாத ஈரப்பதக் கிரீம். தை, மாசியில் காற்று வறண்டு கன்னம் வெடிக்கிற நாட்களில் அதைத் தவறவிட வேண்டாம். மாஸ்க்கை லேசாக நனைத்த துணியால் துடைத்து, பனி ஏறாத மூடிய டப்பாவில் வையுங்கள். ஈரச் சுவரில் ஆணியடித்து மாட்டினால் சார்ஜ் முனையில்தான் முதலில் துரு பிடிக்கும்.

ஒரு கையால் தழும்பைக் குறைத்துக்கொண்டு மறு கையால் வெயிலுக்குக் கொடுப்பதில் பயனில்லை. ஒவ்வொரு 1,000 மீற்றர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் 10 முதல் 12 சதவீதம் கூடும். நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது. குளிராக இருப்பதால் சுடுவது தெரிவதில்லை, மூடுபனியும் முழுதாக மறைப்பதில்லை. தழும்பு, மங்கு உள்ளவர்கள் தோல் நிறத்தில் சாயம் கலந்த சன்ஸ்கிரீன் தேடுங்கள். அதிலுள்ள இரும்பு ஒக்சைட்டுதான் கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியையும் தடுக்கும். சாதாரண வெள்ளைக் கிரீம் தடுக்காது.

எலிக்காய்ச்சலுக்கோ பருவுக்கோ டொக்சிசைக்ளின் எடுக்கிறவர்கள், பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைட் குளிசை போடுகிறவர்கள், பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் எடுக்கிறவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். இந்த மருந்துகள் தோலை வெளிச்சத்துக்குக் கூச வைக்கும். லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்), வலிப்பு, விழித்திரை நோய் உள்ளவர்கள் மாட்டவே கூடாது. லேபிள் இல்லாத டப்பாவில் வாங்கிய வெள்ளையாக்கும் கிரீமால் முகம் மெலிந்து சிவந்திருந்தாலும் இப்போதைக்கு வேண்டாம். அதில் ஸ்டீரொயிட்டோ பாதரசமோ இருக்கலாம், முதலில் அதை வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

பலனைக் கண்ணாடியில் தேட வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் மூடுபனியோடு மாறிக்கொண்டே இருக்கும், அதை நம்பவும் முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரவில், ஒரே பல்பின் கீழ், ஒரே இடத்தில் நின்று படமெடுங்கள். 12ஆம் வாரப் படமும் முதல் படமும் ஒரே மாதிரி இருந்தால் வேறு நிறத்துக்குத் தாவாமல், பக்கத்து அரச வைத்தியசாலையில் துண்டு வாங்கிக்கொண்டு தோல் கிளினிக்குக்குப் போங்கள். போகும்போது படங்களையும், பூசிய கிரீம்களின் டப்பாக்களையும் கையோடு கொண்டு போங்கள்.