சிமெண்டுத் தரையில் ஸ்டூடியோ ஸ்பீக்கரை அளப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துப் பையன்கள் உறுமி மேளத்தைப் பதிவு செய்துவிட்டு, மிக்ஸ் செய்ய என்னிடம் கொண்டு வருவார்கள். வந்ததும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, எந்த ஸ்பீக்கர் வாங்கலாம்?" மாதக்கணக்கில் சேர்த்த வெள்ளியை எடுத்து வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.

காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களை என் அறையில் வைத்து ஒப்பிட்டேன். ஒரு ஜோடி சுவர் மூலையை ஒட்டி இருந்தது, மற்றது மேசை நடுவில். மூலையில் இருந்ததுதான் கனமாகக் கேட்டது. அதை வைத்துக்கொண்டு மற்றதை விற்றேன். பிறகு மேசையை நகர்த்தியபோது அந்தக் கனமும் போய்விட்டது. நான் கேட்டதெல்லாம் மூலை கூட்டிக் கொடுத்த பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி. நல்ல ஜோடியை விற்றுவிட்டேன் என்பது இன்னும் உறுத்துகிறது.

ஆகவே முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். அளப்பது என்றால், எந்த அலைவரிசையில் எவ்வளவு ஒலி வருகிறது என்று மைக் வைத்துக் கோடாகப் பார்ப்பது. ஸ்பீக்கரை அளப்பது வேறு, அறையை அளப்பது வேறு. நம் ஊர் வெயிலில் ஒலி விநாடிக்குச் சுமார் 349 மீட்டர் ஓடுகிறது. 3.6 மீட்டர் நீள அறையில் 48 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 48 அதிர்வு) பக்கம் காற்று தானாகவே நின்று அதிரும். சாதாரண வீட்டு அறையில் ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸ்க்குக் கீழே மைக் காட்டுவதில் பெரும்பங்கு அறையின் வேலை. நகரத்து ஸ்டூடியோக்காரர்கள் இதற்காக எவ்வளவோ செலவு செய்கிறார்கள். நம்மிடம் தோட்டத்துத் திடல் இருக்கிறது, பக்கத்திலேயே சிமெண்டு போட்ட பூப்பந்துக் களமும் இருக்கிறது. அது போதும்.

தேவையானவை

ஓர் அளவீட்டு மைக். யூமிக்-1 போன்ற யூஎஸ்பி மைக் என்றால் தொடக்கக்காரர்களுக்குச் சுலபம். ஒவ்வொரு மைக்குக்கும் அதன் வரிசை எண்ணுக்கு உரிய திருத்தக் கோப்பு உண்டு. மறக்காமல் தரவிறக்கிக்கொள்ளுங்கள். மைக்கை ஸ்பீக்கரை நோக்கி நீட்டி அளந்தால் 0 டிகிரி கோப்பு, மேலே பார்த்து நிறுத்தினால் 90 டிகிரி கோப்பு. இதை மாற்றிப் போட்டால் மேல் அலைவரிசை முழுவதும் தப்பாகிவிடும்.

மடிக்கணினியில் 'ரூம் ஈக்யூ விசார்ட்' என்ற மென்பொருள், இலவசம்தான். அப்புறம் அளவு நாடா, சாக்பீஸ், மைக் ஸ்டாண்ட், நீள மின்கம்பி.

மின்கம்பி விஷயத்தில் கவனம் தேவை. காலையில் தரை பனியில் நனைந்திருக்கும். கம்பி இணையும் இடத்தைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். இரைச்சல் வருகிறது என்று மூன்று முள் பிளக்கின் எர்த்தை யாரும் கழற்றாதீர்கள். உயிருக்கு ஆபத்து.

முதல் அளவு: தரையோடு தரையாக பேஸ்

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. களத்தின் நடுவில், சுவரோ மரமோ பல மீட்டர் தள்ளி இருக்கும்படி, ஸ்பீக்கரைத் தரையில் படுக்க வையுங்கள். அதன் முகம் மைக்கைப் பார்க்கட்டும். சரியாக 2 மீட்டர் தள்ளி மைக்கையும் தரையில் படுக்க வையுங்கள், முனை சிமெண்டை உரசும் அளவுக்கு.

ஏன் தரையில்? மைக் உயரத்தில் இருந்தால் நேராக வரும் ஒலியும் தரையில் பட்டு வரும் ஒலியும் வேறு வேறு நேரத்தில் வந்து ஒன்றையொன்று அழிக்கும். இரண்டுமே தரையில் இருந்தால் அந்த நேர வித்தியாசம் இல்லை. இரண்டும் சேர்ந்து 6 டெசிபல் கூடுகிறது. தூரத்தை 1 மீட்டரிலிருந்து 2 மீட்டர் ஆக்கியதால் 6 டெசிபல் குறைகிறது. கூட்டிக் கழித்தால், திறந்த வெளியில் 1 மீட்டரில் கிடைக்கும் அளவு அப்படியே கையில் வருகிறது. ஸ்பீக்கர் பெட்டியில் பேஸுக்காக விட்டிருக்கும் பின்புறத் துளையின் ஒலியும் அதிலேயே சேர்ந்துவிடும். இந்த அளவை 400 ஹெர்ட்ஸ் வரை நம்பினால் போதும்.

மென்பொருளில் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 256கே நீளத்தில் ஒரு ஸ்வீப் (தாழ்விலிருந்து உச்சம் வரை ஏறும் சோதனை ஒலி) ஓட்டுங்கள். ஐந்தரை விநாடி ஓடும். ஒலியைக் குறைவாக வைத்துத் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். காற்று எழும் முன், காலை ஏழரை மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. சாயங்காலம் சில்வண்டு கத்தத் தொடங்கினால் மேல் அலைவரிசை கெட்டுவிடும்.

இரண்டாவது அளவு: உயரத்தில்

மேசை மேல் மேசை போட்டு, நன்றாகக் கட்டி, ஸ்பீக்கரை 2 மீட்டர் உயரத்துக்குக் கொண்டு போங்கள். மைக்கும் அதே உயரத்தில், 1 மீட்டர் தள்ளி இருக்கட்டும். நேர் ஒலி 1 மீட்டர் ஓடும். தரையில் பட்டு வருவது 4.12 மீட்டர் ஓடும். ஆக, 9 மில்லிவிநாடி பிந்தித்தான் அது வந்து சேரும். மென்பொருளின் ஐஆர் விண்டோஸ் பகுதியில் (எந்த நேரம் வரை வந்த ஒலியைக் கணக்கில் எடுப்பது என்று வைக்கும் இடம்) வலது பக்க அளவை 8.5 மில்லிவிநாடி என்று வைத்தால் தரை ஒலி வெட்டப்பட்டு, ஸ்பீக்கரின் நேர் ஒலி மட்டும் மிஞ்சும். நேரம் இவ்வளவு குறுகியதால் இந்த அளவு சுமார் 120 ஹெர்ட்ஸ்க்கு மேல்தான் செல்லுபடியாகும். அதற்குக் கீழே உள்ளதைத்தான் தரையில் ஏற்கெனவே எடுத்துவிட்டோமே. இரண்டு கோடுகளையும் 200, 400 ஹெர்ட்ஸ் இடையில் ஒட்டுங்கள்.

இதையே அறைக்குள் 1.2 மீட்டர் உயரத்தில் செய்தால் நாலரை மில்லிவிநாடிதான் கிடைக்கும். அது 218 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும்.

தூரத்தை நாடா பிடித்தே அளக்க வேண்டும். 1 மீட்டரில் 2 சென்டிமீட்டர் தவறினால் 0.17 டெசிபல் போய்விடும். மைக்கின் உயரம் எல்லா ஸ்பீக்கருக்கும் ஒரே புள்ளியில் இருக்கட்டும். நான் ட்வீட்டரின் (மேல் ஒலிக்கான சிறிய வட்டு) நடுவை எடுத்துக்கொள்கிறேன்.

பிறகு ஸ்பீக்கரைத் திருப்பி அளக்க வேண்டும். மேசையில் சாக்பீஸால் 15, 30, 45, 60 டிகிரி கோடுகள் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்வீப். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அறையில் நம் காதுக்கு வருவதில் பாதிக்கு மேல் சுவரில் பட்ட ஒலி. நேராக அளந்த கோடு அழகாக இருந்து, 45 டிகிரியில் 2,000 ஹெர்ட்ஸ் பக்கம் குழி விழுந்து உடனே மேடு எழுந்தால், அந்த ஸ்பீக்கர் சிறிய அறையில் குரலைக் கெடுக்கும். கோணம் கூடக் கூட, கோடுகள் ஒன்றன் கீழ் ஒன்றாகச் சீராக இறங்க வேண்டும்.

மூன்றாவது: எவ்வளவு தாங்கும்?

தரை அளவை இன்னொரு முறை எடுங்கள், இம்முறை 6 டெசிபல் கூட்டி. இரண்டு கோடுகளுக்கும் நடுவே எல்லா இடத்திலும் 6 டெசிபல் இடைவெளி இருக்க வேண்டும். 60 ஹெர்ட்ஸில் 3 தான் இருக்கிறது என்றால் உள்ளே இருக்கும் லிமிட்டர் (ஒலி அளவு மீறாமல் தடுப்பது) பிடித்து இழுக்கிறது. உறுமியை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது வரும் அந்த முனகல் கீழிருந்து எழும்பி வருவது. அதில் வேலை செய்பவர்களுக்கு இந்தச் சோதனை மிக முக்கியம்.

கோடுகளைப் படிப்பது

செங்குத்து அச்சு 50 டெசிபல், கோட்டின் மென்மையாக்கல் ஓர் ஆக்டேவில் பன்னிரண்டில் ஒரு பங்கு. எல்லா ஸ்பீக்கருக்கும் இதே அளவு. மூன்றில் ஒரு பங்கு போட்டால் எல்லாமே அழகாகத் தெரியும், குறை மறைந்துவிடும். பெட்டியில் அச்சிட்ட எண்ணையும் இப்படியே படியுங்கள். யமஹா ஹெச்எஸ்5 கையேட்டில் 54 ஹெர்ட்ஸ் என்றும் இருக்கிறது, 74 ஹெர்ட்ஸ் என்றும் இருக்கிறது. முதலாவது 10 டெசிபல் இறங்கிய இடம், இரண்டாவது 3 டெசிபல் இறங்கிய இடம். இரண்டையும் போட்டிருப்பது நேர்மை. ஒரே எண் போட்டு, எத்தனை டெசிபல் என்று சொல்லாத பெட்டியை நம்ப வேண்டாம்.

கடைசியில் காது

இப்போது அறைக்குள் வரலாம். மின்விசிறியை நிறுத்துங்கள். மழை என்றால் தகரக் கூரைக்குக் கீழே எதுவும் நடக்காது, இன்னொரு நாள் பாருங்கள். இரண்டு ஸ்பீக்கர்களை அருகருகே வைத்து, உட்காரும் இடத்தில் மைக் வைத்து, 500 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரை வெட்டிய பிங்க் நாய்ஸால் (எல்லா அலைவரிசையும் கலந்த சோதனை இரைச்சல்) ஒலி அளவைச் சமப்படுத்துங்கள். 0.2 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். கொஞ்சம் சத்தம் கூடிய ஸ்பீக்கர் எப்போதும் நல்லதாகவே கேட்கும். பின்னால் உணர்திறன் சுவிட்ச் இருந்தால் இரண்டிலும் ஒரே நிலையா என்று பாருங்கள். அதில் உள்ள +4 டிபியூ, -10 டிபிவி என்ற இரண்டு நிலைகளுக்கும் நடுவே ஏறக்குறைய 12 டெசிபல் இருக்கிறது.

முன்னால் ஒரு மெல்லிய வேட்டியைத் தொங்கவிடுங்கள். நண்பர் ஒருவர் சொல்லாமல் மாற்றட்டும், அதுவும் உடனுக்குடன். சில விநாடி போனாலே காது மறந்துவிடும். நீங்கள் பதிவு செய்த பாட்டையே போடுங்கள். இடத்தை மாற்றி வைத்து மறுபடி ஒரு சுற்று. கேட்பவர்கள் எது பிடித்தது என்று தாளில் எழுதிக் கொடுத்த பிறகுதான் திடலில் எடுத்த கோடுகளை அவர்களிடம் காட்டுங்கள்.