முதிய நாய்க்கு ஹார்மோன் நோயா? முதலில் தண்ணீரை அளந்து பாருங்கள்

பத்து வயதைத் தாண்டிய நாய் நள்ளிரவில் கொல்லைக் கதவைப் பிறாண்டுவதையும், தண்ணீர்ச் சட்டியை அடிக்கடி காலியாக்குவதையும், தொடை மெலிந்து வயிறு மட்டும் தொங்குவதையும் வயதின் கோளாறு என்று விட்டுவிடுகிறோம். இவை குஷிங் நோயின் அறிகுறிகளாகவும் இருக்கக்கூடும். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலோ, சிறுநீரகத்தை ஒட்டிய அட்ரீனல் சுரப்பியிலோ தோன்றும் கட்டியால் கார்டிசால் என்ற ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரப்பதே இந்நோய். பெரும்பாலான நாய்களுக்கு பிட்யூட்டரிக் கட்டியே காரணம்.

மருத்துவரிடம் போகும் முன் தண்ணீரை அளந்துவிடுங்கள். மாட்டுத் தொட்டியிலும் வாய்க்காலிலும் வாய் வைத்துவிட்டு வரும் நம் டெல்டா நாய்கள் எவ்வளவு குடிக்கின்றன என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே மூன்று நாட்கள் வீட்டோடு வைத்துக்கொண்டு, ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து ஊற்றி, மறுநாள் அதே நேரத்தில் மீதியைக் கழித்துக் குறித்து வையுங்கள். ஒரு நாளில் கிலோ எடைக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது 15 கிலோ நாய் ஒன்றரை லிட்டருக்கு மேல் குடித்தால் அது மிகையே. கத்திரி வெயிலில் நலமான நாயும் கூடுதலாகக் குடித்து இரைக்கும் என்பதையும், தயிர்ச்சோறு தின்னும் நாயைவிட உலர்தீவனம் தின்னும் நாய்க்குத் தாகம் அதிகம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வீட்டை நனைக்கிறது என்பதற்காக இரவில் சட்டியை எடுத்துவிடுவது மட்டும் கூடவே கூடாது.

அடுத்து, பகல் வெளிச்சத்தில் நாயை மல்லாத்திப் பாருங்கள். வயிற்றுத் தோல் காகிதம்போல் மெலிந்து நீல நரம்புகள் தெரிந்தாலும், இரு விலாவிலும் ஒரே அளவில், அரிப்பு இல்லாமல் முடி உதிர்ந்திருந்தாலும் சந்தேகம் வலுக்கிறது. நன்றாகத் தின்றும் எடை குறைந்தால் சர்க்கரை நோயையும், குறைவாகத் தின்றும் பருத்துச் சோர்ந்து கிடந்தால் தைராய்டு குறைவையும் எண்ண வேண்டும். கருத்தடை செய்யாத பெண் நாய், இணைசேரும் பருவம் முடிந்து இரண்டு மாதங்களுக்குள் தாகமும் சோர்வுமாக இருந்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

இதுவரை கொடுத்த மருந்துகளின் அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எங்கள் வீட்டு நாய் மணிக்கு ஒவ்வோர் ஐப்பசி மழையிலும் தோல் அரிப்பு வரும். மருந்துக் கடையில் தந்த, கார்டிசாலைப் போலவே வேலை செய்யும் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் கொடுத்தோம். அவன் வயிறு தொங்கியதற்கு அந்த மாத்திரையே காரணம் என்று மருத்துவர் சொன்னபோது எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. இத்தகைய ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இரத்தத்தில் ஏ.எல்.பி. என்ற நொதி உயர்ந்திருப்பதை வைத்து மட்டும் நோயை உறுதி செய்ய முடியாது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டு, எட்டு மணி நேரத்துக்குள் மூன்று முறை இரத்தம் எடுக்கும் சோதனை உண்டு. பதற்றமும் கார்டிசாலை உயர்த்தும் என்பதால், வீட்டிலேயே காலையில் கழிக்கும் முதல் சிறுநீரைச் சுத்தமான கரண்டியில் பிடித்துத் தரும் சோதனையில் நோய் இல்லை என்று வந்தால் பெரும்பாலும் நம்பலாம். இருக்கலாம் என்று வந்தால் அடுத்த சோதனை தேவை. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ வேறு மருத்துவமனைக்கோ புறப்படும் முன், அன்றைக்கு அச்சோதனை உண்டா என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டால் நாய்க்கு வீண் அலைச்சல் இராது.

நோய் உறுதியானால் பெரும்பாலும் கார்டிசால் சுரப்பைக் குறைக்கும் டிரைலோஸ்டேன் என்ற மருந்தைத் தருவார்கள். அதைச் சோற்றோடுதான் கொடுக்க வேண்டும். 10 முதல் 14 நாட்களில் மீண்டும் இரத்தம் பார்க்க வேண்டும். இடையில் நாய் சோற்றை மறுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ, எழ முடியாமல் கிடந்தாலோ கார்டிசால் மிகவும் இறங்கியிருக்கலாம் என்பதால், அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவரை அழையுங்கள். மருந்து தொடங்கிய பிறகும் அதே பாட்டிலால் தண்ணீரை அளந்து குறித்து வாருங்கள். மருந்தின் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்ய மருத்துவருக்கு அந்தக் குறிப்பும் உதவும்.