பெருங்குடல், மலக்குடல் அறுவை சிகிச்சை: தயாராவதும் தேறிவருவதும்

பெருங்குடலிலோ மலக்குடலிலோ அறுவை சிகிச்சை என்று முடிவாகி நாளும் குறித்துவிட்டால், இனி எல்லாம் மருத்துவர் பொறுப்பு என்று பலரும் காத்திருக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் நோயாளியும் குடும்பத்தாரும் செய்யக்கூடியவற்றில் பெரும்பகுதி அந்த இடைப்பட்ட நாட்களில்தான் இருக்கிறது. நீண்ட பட்டினியைத் தவிர்ப்பது, வலியை முறையாகக் கட்டுப்படுத்துவது, விரைவிலேயே உண்ணவும் நடக்கவும் வைப்பது ஆகியவற்றை ஒன்றிணைத்து, 1990களில் டென்மார்க் அறுவை சிகிச்சை நிபுணர் ஹென்ரிக் கெலெட் முன்வைத்த அணுகுமுறை, இன்று உலகின் பல மருத்துவமனைகளில் நடைமுறையாக இருக்கிறது.

முதலில் புகைப்பழக்கம். குறைந்தது 4 வாரங்களுக்கு முன்பே நிறுத்தினால் காயம் ஆறுவதும் நுரையீரல் தேறுவதும் எளிதாகும். மதுவும் அப்படியே, நாள்தோறும் குடித்துவந்தவர்கள் மட்டும் திடீரென நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லி நிறுத்த வேண்டும். சற்றே மூச்சு வாங்கும் வேகத்தில் தினமும் நடப்பதும், புரதம் மிகுந்த உணவை ஒவ்வொரு வேளையும் சேர்த்துக்கொள்வதும் உடலுக்குக் கையிருப்பைத் தரும். குடல் கட்டிகளில் இரத்தம் கண்ணுக்குத் தெரியாமல் கசிந்துகொண்டே இருப்பதால் இரத்தசோகை கட்டி உள்ளவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. இரும்புச்சத்து மாத்திரை பலன் தர வாரக்கணக்கில் ஆகும் என்பதால், ஹீமோகுளோபின் அளவை முதல் சந்திப்பிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மருந்துகளையும் நீரிழிவு மருந்துகளையும் எப்போது நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை மருத்துவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு: வயிற்றில் ஸ்டோமா, அதாவது மலம் வெளியேறப் பை பொருத்தும் வழி, வைக்க வேண்டியிருக்குமா? தற்காலிகமா, நிரந்தரமா? வாய்ப்பு இருக்கிறது என்றால், அதற்கான இடத்தை அறுவைக்கு முன்பே பயிற்சி பெற்ற செவிலியரோ மருத்துவரோ பேனாவால் குறித்துவிட வேண்டும். படுத்திருக்கும்போது சமமாகத் தெரியும் வயிறு உட்காரும்போது மடிகிறது. அந்த மடிப்பில் பை ஒட்டாது, ஓயாமல் கசியும். ஆகவே உட்கார்ந்தும் நின்றும் குனிந்தும் காட்டி, இடுப்புப்பட்டி படாத, பழைய தழும்பு இல்லாத, உங்கள் கண்ணுக்கே தெரியும் இடமாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். சில நிமிட வேலைதான். மாதக்கணக்கான தொல்லையைத் தவிர்க்கும்.

முந்தைய நாள் குடலைச் சுத்தம் செய்யும் பேதி மருந்து எல்லா அறுவைகளுக்கும் தேவைப்படுவதில்லை. கொடுத்தால், அதனுடன் ஆன்டிபயாடிக் மாத்திரைகளும் தருவது வழக்கம். மருந்துக் கரைசலைக் குளிரவைத்து, உறிஞ்சுகுழாயால் சிறிது சிறிதாகக் குடித்தால் குமட்டல் குறையும். ஆசனவாயைச் சுற்றி முன்கூட்டியே வாஸ்லின் தடவிக்கொண்டால் எரிச்சல் இருக்காது. பெரும்பாலானவர்கள் மயக்க மருந்துக்கு 6 மணி நேரம் முன்பு வரை திட உணவும், 2 மணி நேரம் முன்பு வரை தெளிந்த நீராகாரமும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பேதி மருந்து எடுப்பவர்களுக்கும் இரைப்பை மெதுவாகக் காலியாகும் கோளாறு உள்ளவர்களுக்கும் இந்தக் கணக்கு மாறும். உங்கள் மயக்க மருந்து நிபுணர் சொல்வதே முடிவு.

அறுவை முடிந்த அன்றோ மறுநாளோ உங்களை எழுந்து உட்காரச் சொல்வார்கள். நேராக எழ முயன்றால் வயிற்றுத் தசை இழுத்து வலி உயிர்போகும். முழங்கால்களை மடக்கி, உடலை ஒருபக்கமாகப் புரட்டி, கால்களைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டபடியே முழங்கையால் ஊன்றி எழுங்கள். இருமும்போது ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடியுங்கள். வலியைப் பொறுத்துக்கொள்வதில் எந்தப் பெருமையும் இல்லை. வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சு விடாதவர்களுக்குத்தான் சளி தங்கி நிமோனியா வருகிறது, நடக்காதவர்களுக்குத்தான் கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. காற்றுப் பிரியும் வரை பட்டினி கிடக்க வேண்டும் என்ற பழைய விதி இப்போது பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது. மருத்துவர் அனுமதித்ததும் சிறிது சிறிதாகச் சாப்பிடலாம். வயிறு உப்பினாலோ வாந்தி வந்தாலோ நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள்.

வீடு திரும்பிய பின் மிகக் கவனமாக இருக்க வேண்டியது குடல் இணைப்பில், அதாவது வெட்டிய குடலின் இரு முனைகளைச் சேர்த்த இடத்தில், ஏற்படக்கூடிய கசிவைப் பற்றி. இது பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் தலைகாட்டும். குறைந்துவந்த வலி மீண்டும் கூடுவது, காய்ச்சல், நடுக்கம், இதயம் படபடவென அடிப்பது, வயிறு இறுகி உப்புவது, மூச்சு வாங்குவது, காரணம் தெரியாமல் ‘உடம்பு சரியில்லை’ என்று தோன்றுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காலைவரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தாலும் அப்படியே. புற்றுநோய்க்கான அறுவை என்றால் இரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசியைச் சுமார் 4 வாரங்கள் வரை தொடரச் சொல்லலாம், இடையில் விட்டுவிடாதீர்கள். மலக்குடலில் இணைப்பு போட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எனிமாவோ ஆசனவாய் மாத்திரையோ வைக்கவே கூடாது. சுமார் 6 வாரங்களுக்குப் பாரம் தூக்க வேண்டாம். நார்ச்சத்தைச் சில வாரங்கள் குறைத்து, பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள்.

பை வைத்திருப்பவர்கள் அது மூன்றில் ஒரு பங்கு நிரம்பும்போதே காலி செய்துவிட வேண்டும். கனம் கூடினால் ஒட்டுப்பகுதி தோலை விட்டுப் பிரியும். ஸ்டோமா முதல் 6–8 வாரங்களில் சுருங்கும் என்பதால் வாரம் ஒருமுறை அளந்து, அதைவிட 2 அல்லது 3 மில்லிமீட்டர் மட்டும் பெரிதாகப் பையின் ஒட்டுப்பகுதியில் துளை வெட்டுங்கள். ஸ்டோமா ஈரமாக, இளஞ்சிவப்பாகவோ சிவப்பாகவோ இருக்க வேண்டும்; கருநீலமாகவோ கருப்பாகவோ மாறினால் அவசரம். சிறுகுடலிலிருந்து வைத்த ஸ்டோமாவில் ஒரு நாளில் ஒன்றரை லிட்டருக்கு மேல் வெளியேறினால் உடலின் உப்பும் வற்றுகிறது என்று பொருள். வெறும் தண்ணீரை மேலும் மேலும் குடிப்பது அதை அதிகப்படுத்தவே செய்யும். உப்புச்சர்க்கரைக் கரைசலைக் குடித்துக்கொண்டு மருத்துவரை அழையுங்கள்.

மலக்குடலின் கீழ்ப்பகுதியை நீக்கியவர்களுக்கு, மலத்தைத் தேக்கிவைக்கும் இடமே குறைந்துவிடுவதால், அடிக்கடி போகவேண்டி வருவதும், போனபின் அரைமணிக்குள் மறுபடி முட்டுவதும், அடக்க முடியாமல் போவதும் நேரலாம். முதல் ஓராண்டில் இது பெரும்பாலும் குறையும். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை முறை போனீர்கள் என்று குறித்துவைத்து மறுசந்திப்பில் காட்டுங்கள். மருந்தும் இடுப்புத்தள உடற்பயிற்சியும் பலருக்குக் கைகொடுக்கின்றன. சிறுநீர் கழிப்பதிலோ தாம்பத்திய உறவிலோ சிரமம் வந்தாலும், அருகிலுள்ள நரம்புகள் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்பதால், வெட்கப்படாமல் அதே சந்திப்பில் கேளுங்கள்.