ஹெல்மெட் வைசர்: எஸ்ஸா, ஸெட்டா?

மலேசியாவுல நம்ம சுங்கை சிப்புட்ல விடியக்காலைல மோட்டார் எடுத்து தோட்டத்துப் பக்கம் வேலைக்குப் போறவங்கள கேளுங்க, மழையும் பூச்சியும் மூஞ்சில அடிக்கறப்போ ஹெல்மெட் கண்ணாடி இல்லாம ஒண்ணும் ஆகாது. போன மாசம் என்னோடது கோடு விழுந்து மங்கிப்போச்சு, சரி ஆன்லைன்ல பாப்போம்னு உக்காந்தா நான் வைசருக்கு எஸ் போட்டு அடிக்கிறேன், தம்பி ஸெட்டுதான் கரெக்ட்னு சண்டைக்கு வரான்.

ரெண்டும் ஒரே சொல்தான்லா. இங்கிலீஷ் அகராதில எஸ் போட்டதுதான் முதல்ல நிக்கும், ஸெட் போட்டது மாற்று எழுத்து, தப்பு கிடையாது. எஸ் போட்டாலும் வாயில வர்ற சத்தம் ஸெட்தான், அதான் குழப்பமே. பழைய பிரெஞ்சுல 'விஸ்'னா முகம், அதுலேருந்து வந்த பேரு. அந்தக் காலத்து போர்வீரன் இரும்புத் தொப்பில மூஞ்சிக்கு முன்னால தூக்கி இறக்குற தகடுதான் நெஜ வைசர், நம்ம பிளாஸ்டிக் கண்ணாடி அதோட பேரன்.

தேடறப்போ எஸ் போட்டே தேடுங்க, ஆனா கூடவே ஹெல்மெட்னோ, மலாய்ல தோப்பி கெலடார்னோ சேத்துக்கணும், இல்லன்னா கார் கதவு மேல மழைக்கு ஒட்டுற டோர் வைசர், வெயிலுக்கு இறக்குற சன் வைசர் எல்லாம் வரிசையா வந்து நிக்கும். அப்பவும் கிடைக்கலன்னா ஸெட் போட்டு ஒரு தடவ பாருங்க, விக்கிறவங்க எப்படி எழுதிருக்காங்கன்னு யாருக்குத் தெரியும். எழுத்தவிட ஹெல்மெட் மாடல் பேருதான் முக்கியம், ஒரு மாடலோட கண்ணாடி இன்னொண்ணுல பெரும்பாலும் உக்காராது. வாங்கினப்புறம் சோப்புத் தண்ணில கழுவுங்க, தின்னர் பெட்ரோல் எல்லாம் வேணாம், கண்ணாடி விரிசல் விட்டுடும்.

மோட்டார் கடைல நேரா போனா இந்த வம்பே இல்ல, ஹெல்மெட்ட தூக்கிக் காட்டி கண்ணாடின்னா போதும்.

தமிழ்ல எழுதறப்போ வைசர், வைஸர் எது போட்டாலும் சரி, நம்ம எழுத்துல ஸெட்டே இல்லையே. ஆனா 'விசர்'னு மட்டும் எழுதிடாதீங்க. பக்கத்து வீட்டு அங்கிள் குடும்பம் தாத்தா காலத்துல யாழ்ப்பாணத்துலேருந்து ரயில்வே வேலைக்கு வந்தவங்க, அவங்க தமிழ்ல விசர்னா பைத்தியம். அது தெரியாம 'அங்கிள், டவுனுக்குப் போறேன், விசர் வாங்கணும்'னு மெசேஜ் போட்டேன், 'அதை ஏன் தம்பி காசு குடுத்து வாங்கிறீர்'னு பதில் வந்துச்சு.