வடசேரியில் ஏறி கன்னியாகுமரியில் இறங்குங்கள்: ஞாபகசக்திக்கு ஒரு பஸ் ரூட் பயிற்சி

கனகமூலம் சந்தைக்கு ஏழு சாமான் வாங்கப் போய், நாலோடு திரும்பி வந்தவன் நான். அந்த நாலில் ஒன்று வீட்டில் ஏற்கெனவே கிடந்த சின்ன வெங்காயம். "மீனுக்குப் புளி எங்கே?" என்று அம்மா கேட்டபோதுதான், புளி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே நினைவுக்கு வந்தது. போனில் எழுதிக்கொண்டு போயிருக்கலாம்தான். ஆனால் அப்போது குரூப் 4 தேர்வுக்கும் படித்துக்கொண்டிருந்தேன். தேர்வறைக்குள் போனைக் கொண்டுபோக முடியாதே!

இத்தனைக்கும் நான் இருப்பது நாகர்கோவிலில். பக்கத்து இடலாக்குடியில் 1874-ல் பிறந்தவர் செய்குத்தம்பிப் பாவலர். 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா டவுன் ஹாலில் சதாவதானம் செய்து காட்டியவர். அவதானம் என்றால் பலர் பல பக்கத்திலிருந்தும் கேட்பதை ஒரே நேரத்தில் மனதில் வாங்கிப் பதில் சொல்வது. சதாவதானம் என்றால் அப்படி நூறு. ஒருவர் ஈற்றடி கொடுத்துப் பாட்டுக் கேட்பார், ஒருவர் கணக்குக் கேட்பார், இடையிடையே மணி அடிக்கும், முதுகில் நெல்மணிகள் விழும். கடைசியில் மணி எத்தனை, நெல் எத்தனை என்றும் சொல்லவேண்டும்.

அதெல்லாம் பிறவி வரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2017-ல் வெளியான ஓர் ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. பயிற்சியே இல்லாத சாதாரண ஆட்களிடம் 72 சொற்களைக் கொடுத்தார்கள். சராசரியாக 30 சொல்கூடத் தேறவில்லை. தினமும் அரை மணி நேரம் வீதம் 40 நாள் பழகிய பிறகு அதே ஆட்கள் 60-க்கு மேல் சொன்னார்கள். நாலு மாதம் கழித்துச் சோதித்தபோதும் பெரும்பகுதி நின்றது. அவர்கள் பழகியது, நன்றாகத் தெரிந்த ஒரு பாதையின் இடங்களில் சொற்களை ஒவ்வொன்றாக வைத்து நினைவில் நிறுத்தும் முறை. அதைத்தான் நம்ம ஊர் பஸ்ஸில் ஏற்றித் தருகிறேன்.

படி 1: முதலில் உங்களை அளந்துகொள்ளுங்கள்

யாரிடமாவது தொடர்பில்லாத 20 சொற்களை எழுதி வாங்குங்கள். இரண்டு நிமிடம் பாருங்கள். மூடிவைத்து, ஐந்து நிமிடம் கழித்து வரிசையாக எழுதுங்கள். எனக்கு முதல் நாள் 8 வந்தது. எண்ணையும் தேதியையும் குறித்துவையுங்கள். இல்லாவிட்டால் முன்னேறினோமா இல்லையா என்று பிறகு தெரியாது.

படி 2: பத்து ஸ்டாப்

கண்ணை மூடினாலும் தெரிகிற ஒரு பாதை வேண்டும். நான் எடுத்துக்கொண்டது இது:

வடசேரி, மணிமேடை, வேப்பமூடு, கோட்டார், இடலாக்குடி, சுசீந்திரம், வழுக்கம்பாறை, பொற்றையடி, கொட்டாரம், கன்னியாகுமரி.

எல்லா பஸ்ஸும் இப்படியே போகுமா என்று கேட்காதீர்கள். உங்கள் மனதில் ஓடும் பஸ்ஸுக்கு நீங்கள்தான் டிரைவர். ஒருமுறை முடிவு செய்த வரிசையை மட்டும் மாற்றக் கூடாது. குளச்சல்காரர்களும் பூதப்பாண்டிக்காரர்களும் தங்கள் பாதையையே எடுத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டு முற்றத்திலிருந்து அடுக்களை வரைகூடப் போதும்.

ஏன் இடம்? மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதிக்குப் புது நினைவுகளைப் பதிப்பதிலும் வழி தெரிந்து நடப்பதிலும் பெரிய பங்கு உண்டு. லண்டன் டாக்ஸி டிரைவர்களுக்கு அந்தப் பகுதியின் பின்புறம் மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்ததை 2000-ல் ஓர் ஆய்வு காட்டியது. தனியாக ஒரு சொல் நழுவிவிடும். பாதை நழுவாது. ஆகவே சொல்லைப் பாதையில் கட்டிப்போடுகிறோம். இந்த உத்தியைக் கிரேக்கக் கவிஞர் சிமோனிடிஸ் கண்டுபிடித்ததாகக் கதை சொல்வார்கள்.

படி 3: சாமானை ஏற்றுங்கள்

தேங்காய், புளி, வத்தல் மிளகாய், நெத்திலி, மரச்சீனி, மட்டிப்பழம், கருப்பட்டி, நல்லமிளகு, பப்படம், கறிவேப்பிலை. பத்து. வாங்க, ஏறுவோம்.

வடசேரி பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பஸ்ஸுக்கு டயர் இல்லை. டயர் இருக்கவேண்டிய இடத்தில் தேங்காய்கள். வண்டி நகர நகரப் படபடவென்று உடைந்து உங்கள் வேட்டியெல்லாம் தண்ணீர். மணிமேடைக் கடிகாரத்தில் முள்ளுக்குப் பதில் இரண்டு புளியங்காய். மணி அடிக்கும்போதெல்லாம் பல் கூசுகிறது. வேப்பமூட்டில் வேப்பமரம் வத்தல் மிளகாயாகக் காய்த்துத் தொங்குகிறது, கீழே நிற்கிறவர்கள் எல்லாரும் தும்முகிறார்கள். கோட்டார் கடைத்தெருவில் நெத்திலிகள் சாக்குமூட்டை தூக்குகின்றன, கூலி போதாது என்று சண்டையும் போடுகின்றன. இடலாக்குடியில் ஒரு மரச்சீனிக் கிழங்கு மேடையேறி அவதானம் செய்கிறது (பாவலர் மன்னிக்கட்டும்). சுசீந்திரம் தெப்பக்குளத்தில் மட்டிப்பழக் குலை ஒன்று தெப்பமாக மிதக்கிறது. வழுக்கம்பாறையில் யோசிக்கவே வேண்டாம், பெயரே வேலையைச் செய்துவிடும்: கருப்பட்டிப் பாகில் கால் வழுக்கி விழுகிறீர்கள்.

மீதி மூன்று ஸ்டாப்பும் உங்களுக்கு. நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் அது என் ஞாபகம்தான், உங்களுடையது ஆகாது.

ஆரம்பத்தில் எல்லாரும் செய்கிற தவறு, படத்தை மரியாதையாக வைப்பது. 'பஸ் ஸ்டாண்டில் தேங்காய் இருக்கிறது' என்று நினைத்தால் ஒட்டாது. அங்கே தேங்காய் இருப்பதில் என்ன அதிசயம்? உடையவேண்டும், நாறவேண்டும், வலிக்கவேண்டும், சிரிப்பு வரவேண்டும். இன்னொரு தவறு, காலையில் சந்தைப் பட்டியலை ஏற்றிய பாதையிலேயே மாலையில் பாடத்தையும் ஏற்றுவது. நெத்திலியும் அரசியலமைப்புச் சட்டமும் கலந்துவிடும், எனக்குக் கலந்தது. இரண்டாவது பாதையாகப் பார்வதிபுரம், சுங்கான்கடை, வில்லுக்குறி, தக்கலை, அழகியமண்டபம், மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை என்று மேற்கே ஒன்று வைத்திருக்கிறேன்.

படி 4: எண்களும் பெயர்களும்

எண்ணுக்குப் படம் வராது. அதைத் தெரிந்த ஒன்றோடு முடிச்சுப் போடவேண்டும். திருவள்ளுவர் சிலையைப் பாருங்கள். மொத்தம் 133 அடி, குறளின் அதிகாரங்களும் 133. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரங்கள் 38. அதற்கு மேல் சிலை 95 அடி, பொருட்பால் 70-உம் இன்பத்துப்பால் 25-உம் சேர்ந்தால் 95. இனி மறக்க முயன்றாலும் முடியாது.

ஆண்டுகளுக்கும் இதே வழிதான். குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956-ல். மனம் ஒரே மூச்சில் பிடித்துவைக்கக்கூடியது ஏழு துண்டு, அதில் இரண்டு கூடலாம் குறையலாம் என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதியதும் அதே 1956-ல். பத்து இலக்கப் போன் நம்பரை 3, 3, 4 என்று துண்டாக்கினால் எளிதாக நிற்பதற்கு இதுதான் காரணம். பத்துத் துண்டு மூன்று துண்டாகிவிடுகிறது.

வரிசையான பெயர்களுக்கு முதலெழுத்து. நம் மாவட்டத்தில் ஆறு தாலுகா: அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, திருவட்டாறு, கிள்ளியூர். முதலெழுத்துகளைச் சேர்த்தால் அ-தோ-க-வி-தி-கி. 'அதோ கவி, திகிலோடு!' கவிஞர் ஏன் திகிலடைந்தார் என்பது உங்கள் கற்பனைக்கு.

படி 5: மூடிவைத்துக் கேளுங்கள்

மேலே சொன்னதெல்லாம் போரடித்தால் விட்டுவிடுங்கள், இதை மட்டும் விடாதீர்கள். பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது படிப்பு மாதிரித் தெரியும். உண்மையில் கண்ணுக்குப் பழகுகிறது, அவ்வளவுதான். புத்தகத்தை மூடிவிட்டு, உள்ளே இருப்பதை வெளியே இழுக்கும்போதுதான் நினைவு உறுதியாகிறது. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியை நாலு முறை வாசித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 40 சதவீதம் நினைவிருந்தது. ஒரே முறை வாசித்து, மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம்.

எப்போது இழுப்பது? மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கும் என்று ஜெர்மானியர் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885-ல் எழுதினார். அதனால் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகவேண்டும். நான் வைத்திருக்கும் கணக்கு: அன்று இரவு, மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், மூன்று வாரம். கேள்வியைச் சீட்டின் ஒரு பக்கத்திலும் பதிலை மறுபக்கத்திலும் எழுதி, மூன்று செருப்புப் பெட்டியில் போட்டுக்கொண்டேன். தினம் பார்ப்பது ஒன்று, வாரம் பார்ப்பது ஒன்று, மாதம் பார்ப்பது ஒன்று. சரியாகச் சொன்னால் சீட்டு அடுத்த பெட்டிக்கு, தப்பினால் முதல் பெட்டிக்கே.

தேர்வுக்கு முந்தின இரவு கட்டஞ்சாயா குடித்துக் கண் விழிப்பதையும் விட்டுவிட்டேன். பகலில் படித்தது கெட்டிப்படுவதற்குத் தூக்கம் வேண்டும்.

என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

40 நாளில் என் 8, 17 ஆனது. படிக்கிற நேரம் பாதியாகக் குறைந்தது. எழுதியதைப் பார்க்காமல் நாலு பேர் முன்னால் பேச முடிகிறது. ஆனால் சொற்பட்டியலில் தேர்ந்தால் மற்றதெல்லாம் தானாகக் கூர்மையாகிவிடும் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பவேண்டாம். பழகியது எதுவோ அதில்தான் முன்னேற்றம் வரும். குடையை இன்றைக்கும் பஸ்ஸில் விட்டுவிட்டுத்தான் இறங்குகிறேன். அது ஞாபகக் கோளாறில்லை, வைக்கும்போதே கவனிக்காதது. கவனிக்காத ஒன்றை எந்தப் பாதையிலும் ஏற்ற முடியாது. வீட்டில் பெரியவர்களுக்குத் திடீரென்று மறதி கூடினால் இந்தப் பயிற்சியைக் கொடுத்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

சரி, மேலே போய்ப் பார்க்காமல் ஒரு தாளில் பத்து சாமானையும் எழுதுங்கள். வடசேரியில் உடைந்தது என்ன? தெப்பக்குளத்தில் மிதந்தது? பொற்றையடியில் நீங்கள் எதை வைத்தீர்கள்?