541-ஆ, 542-ஆ? ஆறாம் நூற்றாண்டுச் சான்றுகளுக்குத் தேதி கணிக்கும் முறை

கிழக்கு ரோமானியப் பேரரசர் ஜஸ்டினியன் காலத்து நிகழ்ச்சிகள் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு வருபவை. 536இல் சூரியன் மங்கியது. 540 ஜூனில் பாரசீக மன்னர் குஸ்ரூ, பேரரசின் பெருநகரான அந்தியோக்கியாவைச் சூறையாடினார். 541இல் எகிப்தின் பெலூசியத்தில் கொள்ளைநோய் தலைகாட்டியது, 542 வசந்தத்தில் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளை எட்டியது. இதில் ஓராண்டு பிசகினால் கதையே தலைகீழாகிவிடும். கொள்ளைநோயில் படை நலிந்ததால்தான் அந்தியோக்கியா வீழ்ந்தது என்று நம்பிக்கையோடு எழுதிவிடுவோம். நகரம் வீழ்ந்ததோ நோய் வருவதற்கு முந்தைய ஆண்டு.

பிசகுவதற்குக் காரணம், அன்றைய ஆண்டுக் கணக்குகளில் பெரும்பாலானவை நம் ஜனவரியோடு ஒத்துப்போகாதது. ஆகவே சான்று எதுவானாலும் ஒற்றை ஆண்டாக மாற்றாதீர்கள். தொடக்க நாள், முடிவு நாள் என்று இரண்டாகக் குறியுங்கள். எக்செல்லில் செய்வதானால், 1900க்கு முந்தைய தேதிகளை அது தேதியாகவே ஏற்காது. 0541-09-01 என்று எழுத்தாகப் பதியுங்கள். வரிசைப்படுத்தும்போது சரியாக நிற்கும். மூலத்தில் உள்ள சொற்களை அப்படியே இன்னொரு பத்தியில் வைத்திருங்கள். பின்னால் கணக்கைச் சரிபார்க்க அது ஒன்றுதான் கைகொடுக்கும்.

அதிகம் எதிர்ப்படுவது இண்டிக்ஷன், அதாவது 15 ஆண்டு வரிச்சுழற்சி. நம் பிரபவ, விபவ போல இதுவும் சுற்றிச் சுற்றி வரும். எத்தனையாவது சுற்று என்று யாரும் எழுதிவைக்கவில்லை. கான்ஸ்டான்டிநோபிளில் இது செப்டம்பர் 1இல் தொடங்கும். கி.பி. ஆண்டோடு 3 கூட்டி 15ஆல் வகுத்தால் வரும் மீதியே இண்டிக்ஷன் (மீதி இல்லையென்றால் 15). செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 3க்குப் பதில் 4 கூட்டவேண்டும். 542 மே மாதத்துக்கு 545ஐ 15ஆல் வகுத்தால் மீதி 5. ஆகவே 5ஆம் இண்டிக்ஷன் என்பது 541 செப்டம்பர் 1 முதல் 542 ஆகஸ்ட் 31 வரை. ஆனால் 526/527, 556/557 ஆகியவையும் 5ஆம் இண்டிக்ஷன்தான்! வேறு துணைச்சான்று இல்லாமல் இதை மட்டும் நம்பி முடிவுகட்டக்கூடாது. எகிப்தியப் பாப்பிரஸ் ஆவணமானால் இன்னும் கவனம் தேவை. அங்கே இண்டிக்ஷன் இடத்துக்கு இடம் மே அல்லது ஜூலையிலேயே தொடங்கிவிடும்.

துணைச்சான்றுக்கு நல்ல வழியை ஜஸ்டினியனே திறந்துவிட்டார். 537இல் பிறப்பித்த 47ஆம் புதுச்சட்டப்படி ஆவணங்களில் பேரரசரின் ஆட்சியாண்டு, கான்சலின் (தம் பெயரால் அந்த ஆண்டு வழங்கப்பட்ட உயர்பதவியாளர்) பெயர், இண்டிக்ஷன், மாதம், நாள் எல்லாம் இருக்கவேண்டும். பயிற்சிக்கு ஒன்று: ‘ஆட்சியாண்டு 15, பசிலியஸ் கான்சல், 5ஆம் இண்டிக்ஷன்’ என்று இருப்பதாகக் கொள்வோம். அவர் ஆட்சி 527 ஏப்ரல் 1இலிருந்து கணக்கு. 15ஆம் ஆண்டு 541 ஏப்ரல் முதல் 542 மார்ச் வரை. கான்சல் ஆண்டு 541 ஜனவரி முதல் டிசம்பர் வரை. இண்டிக்ஷன் 541 செப்டம்பரில் தொடங்குகிறது. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படிவது 541 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மட்டுமே. மூன்றும் எங்குமே ஒன்றாகப் படியவில்லையென்றால் படியெடுத்தவர் ஓர் எண்ணைத் தவறாக எழுதியிருக்கலாம். பேரரசரல்லாத கடைசிக் கான்சல் இந்தப் பசிலியஸ். அதன்பின் ‘பசிலியஸுக்குப் பிந்தைய இத்தனையாவது ஆண்டு’ என்று எழுதினார்கள். சிலர் 541ஐயும் சேர்த்து எண்ணியதால் அங்கே ஓராண்டு முன்பின் வைத்துக்கொள்ளுங்கள்.

செப்புக்காசு கிடைத்தால் வேலை எளிது. 538/539 முதல் ஃபோலிஸ் என்ற பெரிய செப்புக்காசுகளில் ஆட்சியாண்டு பொறிக்கப்பட்டது. பின்புறம் நடுவில் 40 நும்மஸ் (மிகச் சிறிய காசு) மதிப்பைக் குறிக்கும் பெரிய ‘எம்’ எழுத்து. இடப்பக்கம் மேலிருந்து கீழாக ‘ஆன்னோ’ (லத்தீனில் ‘ஆண்டில்’). வலப்பக்கம் ரோமன் எண்ணில் ஆண்டு. அடியில் அக்கசாலையின் பெயர்ச்சுருக்கம். ‘எம்’மின் கால்களுக்கு இடையே உள்ள கிரேக்க எழுத்து பட்டறையைக் குறிப்பது. அதை ஆண்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 14ஐப் பத்தும் நான்கு கோடுகளுமாகப் பொறிப்பார்கள். ஓரம் தேய்ந்து கடைசிக் கோடு போனால் 13 ஆகிவிடும். சாய்ந்த வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஆண்டு எண்ணோடு 526 கூட்டினால் ஏப்ரல்–டிசம்பருக்கும், 527 கூட்டினால் ஜனவரி–மார்ச்சுக்கும் விடை வரும்.

சிரியாக் மொழி வரலாறுகள் ‘அலெக்சாந்தரின் ஆண்டு’, ‘கிரேக்கர் ஆண்டு’ என்று சொல்வது செலூக்கிய ஆண்டை. அலெக்சாந்தர் இறந்த கி.மு. 323க்கும் இதற்கும் தொடர்பில்லை, தொடக்கம் கி.மு. 312 அக்டோபர் 1. அக்டோபர்–டிசம்பர் நிகழ்வுக்கு 312ஐயும் மற்ற மாதங்களுக்கு 311ஐயும் கழிக்கவேண்டும். ஆமிடா நகரம் இதற்கு நல்ல உரைகல். பாரசீக மன்னர் கவாத் அதை முற்றுகையிட்டது 502 அக்டோபர் 5. நகரம் வீழ்ந்தது 503 ஜனவரி 10. இரண்டும் செலூக்கிய 814தான். கண்ணை மூடிக்கொண்டு 311ஐக் கழித்தால் முற்றுகை 503 அக்டோபருக்குப் போய், நகரம் வீழ்ந்தபிறகு முற்றுகை என்றாகிவிடும்.

எகிப்தின் தியோக்ளீசியன் ஆண்டு 284 ஆகஸ்ட் 29இல் தொடங்குவது. டிசம்பர் வரை 283, அதன்பின் 284 கூட்டுங்கள்.

நாளைக் கணிக்கும்போது ரோமானியர் இரு முனைகளையும் சேர்த்து எண்ணுவதை மறக்கக்கூடாது. ‘ஜனவரி கலண்டுக்கு (மாதத்தின் முதல் நாள்) முன் 6ஆம் நாள்’ என்றால் டிசம்பரின் 31 நாளோடு 2 கூட்டி 6ஐக் கழியுங்கள்: டிசம்பர் 27. 537இல் ஹாகியா சோபியா திறக்கப்பட்ட நாள் அது. இவை யாவும் பழைய ஜூலியன் நாட்காட்டித் தேதிகள். இன்றைய கிரிகோரியனுக்கு மாற்றும் மென்பொருளில் ஆறாம் நூற்றாண்டுத் தேதி பெரும்பாலும் 2 நாள் தள்ளி வரும்.

எழுதும்போது 541/542 என்று சாய்கோடு போட்டால் இரண்டிலும் கால்வைத்த ஒரே ஆண்டு. 541–542 என்றால் இரண்டு ஆண்டும் நீடித்த நிகழ்ச்சி. இதைக் கட்டுரையின் முதல் அடிக்குறிப்பிலேயே சொல்லிவிடுங்கள்.