சிசிலியனில் எது நைடார்ஃப், எது டிராகன்?

சதுரங்கத்தில் வெள்ளையின் ஈ4-க்குக் கறுப்பு சி5 என்று பதில் ஆடும் தொடக்கம்தான் சிசிலியன் டிஃபென்ஸ். அதன் கிளைகளான நைடார்ஃப், டிராகன், ஷெவனிங்கன், கிளாசிக்கல் நாலும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரியும். முதல் நாலு நகர்த்தல் பொதுவாக இருந்தால் வேறெப்படித் தெரியும்? அப்புறம் வரிசையை மனப்பாடம் செய்வதை விட்டேன். வெள்ளை ஐந்தாவதாகக் குதிரையை சி3-க்குக் கொண்டுவந்ததும் கறுப்பின் பதிலை மட்டும் பார்ப்பேன். சிப்பாய் ஏ6 என்றால் நைடார்ஃப், ஜி6 டிராகன், ஈ6 ஷெவனிங்கன். குதிரை சி6 வந்தால் கிளாசிக்கல்.

டிராகனின் இன்னொரு வடிவமான ஆக்சிலரேட்டட் டிராகன்தான் ரொம்பப் படுத்தியது. டிராகன் மாதிரியே அதிலும் கறுப்பின் மந்திரி ஜி7-இல்தான் உட்காரும். அங்கே டி-சிப்பாயைப் பாருங்கள்: டிராகனில் அது டி6-க்கு வந்திருக்கும், இதில் இன்னும் டி7-இல், ஒரே தாவலில் டி5 போகக் காத்திருக்கும். அதைத் தடுக்கத்தான் வெள்ளை சி4 தள்ளி மரோட்சி பைண்ட் போடுவது, அதாவது சி4, ஈ4 சிப்பாய்களால் டி5-ஐக் கட்டிப்போடுவது. ஏ6, ஈ6 இரண்டும் வந்துவிட்டால் அது நைடார்ஃபா, ஷெவனிங்கனா? சரி, எந்தப் பெயரானாலும் ஆடலாம்.